கரண்டு, ஓதம், தூசி: மலைவீட்டுப் பழைய கம்ப்யூட்டரைத் தேற்றும் வழி

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பாக்டரியில் எனக்கு எலக்ட்ரீசியன் வேலை. டிரையர் மோட்டார், வாடல் தொட்டி ஃபேன், பேனல் போர்டு என்று பொழுது போகும். கையில் மல்டிமீட்டர் வைத்திருப்பவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரிந்திருக்கும் என்று சொந்தபந்தம் எப்படியோ முடிவு கட்டிவிட்டது. அக்கா வீட்டுப் பெட்டி, மச்சான் வீட்டுப் பெட்டி, சித்தப்பா கொழுந்துக் கணக்கு எழுதும் பெட்டி என்று ஒன்று போனால் ஒன்று வரும்.

எல்லாம் ஏறக்குறைய ஒரே வகைதான். 2010க்கும் 2015க்கும் நடுவில் வாங்கியது, கோர் 2 டுவோ அல்லது இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, இரண்டோ நான்கோ ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். "வயசாயிடுச்சு தம்பி, ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு" என்பார் அக்கா. வயது என்ற காரணத்தை நான் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் மலையில் கம்ப்யூட்டரைக் கெடுப்பது முதலில் கரண்டு, அப்புறம் ஓதம், அதற்கப்புறம் தூசி. மிச்சம் இருக்கும் மந்தத்தில் பெரும்பங்கு ஹார்டு டிஸ்க்குடையது. அதனால் நேரத்தையும் பணத்தையும் இந்த வரிசையில்தான் செலவழிக்க வேண்டும். வீட்டுப் பையன் கிராபிக்ஸ் கார்டு கேட்பான், காதில் வாங்காதீர்கள்.

பிளக் பாயிண்டில் ஆரம்பியுங்கள்

பெட்டியைத் திறக்கும் முன் சுவரைப் பாருங்கள். சிபியுவின் பின்பக்கத் தகட்டில் கை பட்டால் சுர்ரென்று இருக்கிறதா? நிறைய வீடுகளில் "அது எப்பவும் அப்படித்தான்" என்று பழகிவிடுகிறார்கள். எர்த் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். சுவர்க் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற குறைந்த வோல்டேஜாக மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதற்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸுக்கும் தகட்டுக்கும் நடுவே, மற்றது நியூட்ரலுக்கும் தகட்டுக்கும் நடுவே. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் வருகிற வோல்டேஜில் பாதி, அதாவது நூற்றுப் பத்து வோல்ட் வாக்கில், தகட்டிலேயே உட்கார்ந்திருக்கும். மானிட்டர் வயரையோ பிரிண்டர் வயரையோ மாட்டும்போது அது மதர்போர்டு வழியாகப் பாய்ந்தால் போர்டு போச்சு. உள்ளே இன்சுலேஷன் கெட்டு முழு பேஸும் தகட்டுக்கு வந்துவிட்டால் போவது ஆள். எனவே சுர்ரென்றால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை ஏசி 750 ரேஞ்சில் வைத்து, பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பாருங்கள். முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டும். மூன்றாவது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். பேஸ்-எர்த் மட்டும் நூறு, நூற்றைம்பது என்று அலைந்தால் எர்த் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் தயவுசெய்து ஊர் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு விடுங்கள், ஐந்து நிமிட வேலை. எங்கள் பக்கம் எர்த் குழி தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும். பிப்ரவரி, மார்ச்சில் மேல்மண் காய்ந்தால் இருக்கிற எர்த்தும் பலவீனமாகிவிடும். அந்த மாதங்களில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் செருக விற்கிறார்களே ஒரு கன்வெர்ட்டர், அதைக் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் விடாதீர்கள். எர்த்தை வெட்டிவிடுவதுதான் அது செய்யும் ஒரே வேலை.

காற்றடித்தால் இங்கே மரம் லைன் மேல் விழும், கரண்டு போகும். போவதைவிட, திரும்பி வரும்போதுதான் அடி. கரண்டு போனதும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வந்து சில நிமிடம் நிலையாக நின்ற பிறகு போடுங்கள். ஏப்ரல், மே இடி காலத்தில் பிளக்கையே உருவிவிடுங்கள், கூடவே மோடத்திலிருந்து வரும் லேன் வயரையும். பிளக்கை மட்டும் உருவிவிட்டு லேன் வயரை மறந்த வீடுகளில் இடிக்குப் பிறகு நெட்வொர்க் போர்ட் செத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் கரண்டு போன நொடியே கம்ப்யூட்டரும் அணைகிறது என்றால் யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடத்துக்குத்தான் தாங்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். சிவப்பு, கறுப்பு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். கம்ப்யூட்டர் ஓடும்போதே ஒரு பெரிய நான்கு பின் கனெக்டரின் பின்பக்கத்தில் மீட்டர் முனையை வைத்துப் பார்க்கலாம். இப்போது டிசி ரேஞ்ச். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வோல்ட். இந்த எல்லைக்கு வெளியே போனால், அல்லது கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எழுந்தால், புது எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடுங்கள். பழையதைத் திறக்க வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். 440 வோல்ட் பேனலில் தினமும் கை வைக்கிற நானே வீட்டில் அதைத் திறப்பதில்லை.

ஓதம்

கோத்தகிரி, குன்னூருக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். கூடலூர், ஊட்டிப் பக்கம் ஆனி, ஆடியிலேயே கொட்டித் தீர்க்கும். அதனால் சொந்தக்காரர் எந்த ஊர் என்று தெரிந்தால் அவர் பெட்டி எந்த மாதம் என்னிடம் வரும் என்று சொல்லிவிடலாம். புகாரும் ஒன்றேதான்: "ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல." கூடவே விட்டு விட்டு ஒரு பீப் சத்தம்.

இதற்குப் பத்தில் எட்டு தடவை ரேம்தான் காரணம். பிளக்கை உருவுங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, ரேமின் இரண்டு முனையிலும் இருக்கும் வெள்ளைக் கொண்டியை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் தானாக மேலே எழும். அதன் அடி விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்ல பல் பளிச்சென்று இருக்கும், ஓதம் பிடித்த பல்லின் மேல் ஆவி படர்ந்தாற்போல ஒரு மங்கல் தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர் ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழாக, ஒரே திசையில், மெதுவாக இரண்டு பக்கமும் தேயுங்கள். இங்க் ரப்பர் வேண்டாம், அது தங்கப் பூச்சையே உரித்துவிடும். ரப்பர் துகள் ஒன்றுகூடத் தங்காமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டிலும் ஒரு ஊது. வாயால் அல்ல, எச்சில் ஈரம் போகும், ரப்பர் புளோயரால். பிறகு இரண்டு முனையையும் சமமாக அழுத்தினால் கொண்டிகள் டக்கென்று தாமாகவே மூடும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் மூடாமல் நின்றால் ரேம் சரியாக உட்காரவில்லை.

தை, மாசியில் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பனிக்காலக் காற்று காய்ந்து கிடக்கும், உடம்பில் கம்பளி ஸ்வெட்டர் இருக்கும். இருட்டில் ஸ்வெட்டரைக் கழற்றினால் பொறி பறக்குமே, அதே மின்சாரம் விரல் வழியாக ரேமுக்குள் போனால் ரேம் காலி. ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, எதைத் தொடும் முன்னும் பெட்டியின் வெறும் இரும்பைத் தொடுங்கள்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டின் கம்ப்யூட்டரை வந்த அன்றே போடாதீர்கள். மூடியைக் கழற்றி, வெயில் வரும் அறையில் ஒரு பகல் காய விடுங்கள். வெயில் நேராக மேலே பட வேண்டாம், அறை காய்ந்தால் போதும். ஹீட்டரோ கரி அடுப்போ போட்டு அறையைத் திடீரென்று சூடாக்கினால் சில்லென்ற இரும்பின் மேல் வியர்க்கும். ஊட்டிக் குளிரில் கிடந்த பெட்டியை மேட்டுப்பாளையம் புழுக்கத்துக்கு இறக்கினாலும் இதேதான், சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

பழைய கம்ப்யூட்டரோடு ரெக்சின் உறை ஒன்று கொடுத்தார்களே, அதை இங்கே போட்டால் உள்ளே ஓதம் அடைந்துகொள்ளும். பருத்தித் துணி போதும். மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். மழை மாதங்களில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் அரை மணி நேரம் ஓட விட்டால் அதன் சூடே அதைக் காய வைத்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போடச் சொல்வார்கள். நாலா பக்கமும் ஓட்டை இருக்கும் பெட்டிக்குள் அது மிஸ்ட்டைக் குடித்து முடிக்கப் போவதில்லை.

தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டுகிறதா? எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று மிரட்டுகிறதா? வைரஸ் இல்லை. போர்டில் இருக்கும் காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். புதியதில் 3 வோல்ட்டுக்குக் குறையாது. தேய்ந்த பேட்டரி குளிரில் இன்னும் தளரும், அதனால்தான் காலையில் மட்டும் இந்தக் கோளாறு.

ஃபேனுக்குக் கீழே என்ன இருக்கிறது

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஃபேன் எடுத்துச் செல்லும் சூடும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் ஊரே குளிராக இருப்பதால் கணக்கு சரியாகிவிடும். ஆகவே இங்கே ஒரு கம்ப்யூட்டர் சூடாகி அணைகிறது என்றால் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது என்றே அர்த்தம்.

மேலிருந்து பார்த்தால் பிராசஸர் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். அடியில் அலுமினியத் தகடுகளின் மேல் கம்பளித் துண்டு ஒன்றை அளவெடுத்து வெட்டி வைத்தது போல் தூசி படிந்திருக்கும். எங்கள் பாக்டரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது தேயிலைப் பஞ்சு, பழுப்பு நிறம், வாசனைகூட வரும். விரலால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் முழுசாக உரிந்து வந்துவிடும். மிச்சத்தைப் பெயின்ட் பிரஷ்ஷாலும் புளோயராலும் எடுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் சுற்றும் ஃபேன் ஜெனரேட்டராகி போர்டுக்கே கரண்டு அனுப்பும்.

தூசி எடுத்தும் சூடு குறையவில்லை என்றால் மட்டும் ஹீட்சிங்க்கை, அதாவது அந்த அலுமினியத் தகட்டுக் கட்டை, கழற்றி, அதற்கும் பிராசஸருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றுங்கள். இன்டெல் என்றால் நான்கு மூலையிலும் கறுப்புத் தொப்பி இருக்கும். அதன் மேல் இருக்கும் அம்புக்குறிப் பக்கம் கால் வட்டம் திருகி மேலே இழுக்க வேண்டும். ஏஎம்டி என்றால் ஒரு கொக்கி. அங்கே பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் பிராசஸரே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அதன் கால்கள் வளையும். அதனால் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, இடவலமாக லேசாகத் திருகிப் பிறகு தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். மூடும்போது தொப்பிகளை அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள்.

ஹார்டு டிஸ்க்கை மாற்றுவதுதான் அசல் வேலை

கரண்டும் ஓதமும் தூசியும் தீர்ந்த பிறகும் கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது, முன்னால் இருக்கும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுங்கள், சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க் அது. கோர் 2 டுவோ பெட்டிகூட எழுந்து உட்காரும். பழைய போர்டு எஸ்எஸ்டியின் முழு வேகத்தையும் தராது, ஆனாலும் வித்தியாசம் கண்கூடு. ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் முள் ஓடிப் போய்த் தேட வேண்டும், எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு எதுவுமே இல்லை. 240 அல்லது 256 ஜிபி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். 2.5 இஞ்ச் சாட்டா வகை என்று கேட்டு வாங்குங்கள். குச்சி போல் வரும் எம்.2 வகை இந்தப் போர்டுகளில் பொருந்தாது. பொருத்தச் சட்டம் இல்லையா, இரட்டைப் பக்க டேப்பால் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். உள்ளே சுற்றுகிற பொருள் இல்லை, அதிராது.

அதற்கு முன் பழைய டிஸ்க்கில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் வேறு எதையும் செய்யாமல் முதலில் போட்டோக்களை வெளியே எடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் மூன்றையும் எல்லோரும் எடுப்பார்கள். எழுத்துருவை யாரும் நினைப்பதில்லை. சித்தப்பாவின் பழைய மனுக்களும் சங்கத் தீர்மானங்களும் பாமினியிலும் வானவில்லிலும் அடித்தவை. புது விண்டோஸில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக நிற்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். மஞ்சள் காட்டினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். நீலம் என்றால் இரண்டாவது டிஸ்க்காக உள்ளேயே விட்டுப் படம், பாட்டு போட்டுக்கொள்ளலாம். கல்யாணப் போட்டோக்களுக்கு மட்டும் வெளியே இன்னொரு பிரதி இருக்கட்டும்.

ரேம் நான்கு ஜிபிக்குக் கீழே என்றால் ஏற்றுங்கள், எட்டு இருந்தால் வீட்டுக்குப் போதும். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றிலும் நடுவில் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றை மற்றொன்றில் திணிக்க முடியாது. பழைய ரேமைக் கையோடு எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் காந்திபுரம் போய்வருவதுதான் உத்தமம். ஆன்லைனில் மலிவாக வரும் டிடிஆர்3 சிலவற்றில் ஏஎம்டிக்கு மட்டும் என்று பொடியாகப் போட்டிருப்பார்கள், இன்டெல் போர்டு அதை எடுக்காது. பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பின் ரேமைப் போடலாமா என்று மச்சான் கேட்பார். முடியாது மச்சான், அது குட்டை. அந்த லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் வேண்டுமானால் இதில் பொருந்தும்.

என்ன ஓஎஸ் போடுவது

விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14லும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. குறுக்கு வழியில் ஏற்றுபவர்கள் உண்டு. ஆனால் 24எச்2 பதிப்பிலிருந்து கோர் 2 டுவோவில் அது எழவே எழாது. வங்கிக் கணக்கு பார்க்கிற வீட்டுக் கம்ப்யூட்டரில் குறுக்கு வழி எனக்குச் சம்மதமில்லை. நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச ஓஎஸ்ஸைப் போட்டுக் கொடுக்கிறேன். பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். சவுண்டு வருகிறதா, வைஃபை டாங்கிள் பிடிக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று அப்போதே சோதியுங்கள். பிரிண்டர்தான் தகராறு செய்யும். சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸில் டிரைவர் இல்லை.

தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. லிப்ரே ஆபீஸில் சித்தப்பாவின் கொழுந்துக் கணக்கும் மகளின் பள்ளி புராஜெக்ட்டும் ஓடும். அம்மாவுக்குத் தேவை யூடியூப் மட்டும், அதற்குத் திரையில் பெரிதாக ஒரு ஐகான். மொபைலை யூஎஸ்பி வயரில் மாட்டி நெட்டைப் பகிர்ந்தால் லினக்ஸ் உடனே பிடித்துக்கொள்ளும். தடித்த கல்சுவர் வீடுகளில் வைஃபையோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல்.

கை வைக்கக் கூடாத பெட்டிகளும் உண்டு. போர்டில் உருளை கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, அல்லது டிடிஆர்2 ரேமோடு பென்டியம் காலத்துப் போர்டாக இருந்தாலோ ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். கம்பெனிகளில் கழித்துவிட்ட ஐ5 பெட்டிகள் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும், அதில் உங்கள் எஸ்எஸ்டியையும் மானிட்டரையும் மாட்டிக்கொள்ளலாம். பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வையுங்கள். உள்ளே ஆதார் நகலும் பாஸ்புக் ஸ்கேனும் இருக்கும், ஃபார்மட் அடித்தாலும் தோண்டி எடுக்கத் தெரிந்தவர்கள் எடுப்பார்கள். டிரில்லிங் மெஷினில் தட்டைத் துளைத்து இரண்டு ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள்.